பொம்மைக்குப் போட்ட தழும்பு

— இது நான் இல்ல பிள்ள. நல்லாப் பாரு. உன் கையால செஞ்சதுதான, நீயே சொல்லு.

— மொதல்ல உக்காருங்க பெரியப்பா. பாளையங்கோட்டை வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தியளா? மூச்சு வாங்குதே. ஆமா, நீங்க யாரு?

— என்ன?

— யாருன்னு கேட்டேன்.

— கேட்டியா, கேட்டியா! உனக்கே அடையாளம் தெரியல. நான் சிலுவை. கப்பல்ல இருக்கானே ஜெனிஷ், அவன் அப்பன். என் தலையையும் நெஞ்சையும் உள்ளங்கை அளவுக்குச் செஞ்சு பெயிண்ட் அடிச்சு அனுப்புன டெல்பின் நீதான? நீயே யாருன்னு கேட்டா ஊர்ல உள்ளவளுவ எப்படிக் கண்டுபிடிப்பாளுவ?

— ஊர்ல என்ன சொல்லுதாவ?

— சூசையப்பர்னு சொல்லுதாவ.

— ஐயோ மாதாவே!

— சிரிக்காத. என் வீட்டுக்காரி லூர்து மேரி இத மாதா பீடத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கா. அடுத்த வீட்டுச் சாரம்மாள் வந்தா. பிள்ள கப்பல்ல இருந்து அனுப்புன சூசையப்பரான்னு கேட்டா. நான் பதில் சொல்லுததுக்குள்ள மெழுகுதிரிய ஏத்தி முழங்கால் போட்டுட்டா. மறுநா அவ மகனுக்கு வேலை கெடச்சுட்டு. அவ்வளவுதான், தெருவே திரண்டு வந்துட்டு. என் மூஞ்சிக்கு முன்னால வரிசையா நிக்காளுவ. நான் அந்தால கைலியோட நிக்கேன், ஒருத்திகூட என்னையத் திரும்பிப் பாக்கல.

— தப்பு என் மேலதான் பெரியப்பா. எங்க அப்பா கோயில் சுரூபத்துக்கு பெயிண்ட் அடிச்சவரு. நான் பிரஷ் பிடிச்சுப் பழகினதே றெக்கை வச்ச சம்மனசு கன்னத்துல. மனுச முகம்னாலும் கை தன்னால ரோஸ் டப்பாவத் தேடிப் போயிருது. ஜெனிஷ் அனுப்புன போட்டோவும் அப்படி. கல்யாண போட்டோக்காரன் உங்க சுருக்கம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல தேச்சு எடுத்துட்டான்.

— அது எங்க மக அபிஷா கல்யாணத்தன்னைக்குக் காலைல எடுத்தது. சாயங்காலம் எடுத்திருந்தா யாரும் சூசையப்பர்னு சொல்லியிருக்க மாட்டாவ.

— சாயங்காலம் என்ன ஆச்சு?

— குடிச்சிட்டேன். பந்தியில வெறும் எலும்பாப் போடுதாவன்னு மாப்பிள்ளையோட பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னாரு. நான் குழம்புச் சட்டியத் தூக்கி அவரு மடியில கவுத்திட்டேன்.

— கல்யாண வீட்டுலயா!

— வெள்ளை வேட்டி வேற. மறுநா விடியுமுன்ன லூர்து மேரி கோயிலுக்குப் போய் நேர்ச்சை போட்டுட்டு வந்துட்டா. அடுத்த வருசக் கோயில் திருவிழாக் கொடியேத்தம் வரைக்கும் இந்த மனுசன் குடிக்காம இருக்கணும், அதுவரைக்கும் நான் அவருகூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு. பங்குச் சாமியாரு கூப்பிட்டுச் சொல்லிப் பாத்தாரு. மாதாவுக்குச் சொன்னது சொன்னதுதான்னுட்டா.

— நீங்க குடிக்கலையா?

— சொட்டுத் தொடல. அவளும் ஒரு வார்த்தை பேசல. சோறு வைப்பா, சட்டையத் தேச்சு வைப்பா, வாய் மட்டும் திறக்காது. வாற வெள்ளிக்கிழமை கொடியேறுது.

— அப்ப சந்தோசமான விசயந்தான பெரியப்பா! நேர்ச்சை முடியப் போவுது. இன்னா, தண்ணி குடிங்க.

— ஆத்துத் தண்ணியா? உங்களுக்குக் குடுத்து வச்சிருக்கு. எங்க ஊருத் தண்ணியில உப்பே போடாம குழம்பு வைக்கலாம். சந்தோசம்னா சொன்ன? இந்தப் பொம்மை வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவ இதுகூடப் பேசுதா பிள்ள.

— பொம்மைகூடவா?

— விளக்கு வச்சதும் இதுக்கு முன்னால உக்காந்துருவா. "முழங்கால் வலி தாங்கல, மாடிப்படி ஏற முடியல. அபிஷாவுக்கு மசக்கை நின்னுட்டு. கொண்டல் காத்து அடிக்கு, நெஞ்சச் சளி பிடிச்சிராம"ன்னு எல்லாத்தையும் சொல்லுதா. கல்யாணம் ஆன புதுசுல நான் கடலுக்குப் போன ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்து அழுதாளாம். எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருசமா என்கிட்ட சொல்லல. அத ஒரு பொம்மைகிட்ட சொல்லுதா, நான் உள்ளறையில கட்டில்ல கெடந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— உங்களுக்குப் பொறாமையாக்கும்?

— பொறாமைதான். என் மூஞ்சி மேல எனக்கே பொறாமை, இந்தக் கூத்த எங்க போய்ச் சொல்ல? அதவிடப் பயம், கேட்டியா. வெள்ளிக்கிழமை கொடி ஏறும். அவ திரும்பி இந்த நெச மூஞ்சியப் பாப்பா. அந்த ரோஸ் கன்னத்தப் பாத்துப் பழகின கண்ணு. இவரு வேண்டாம், பொம்மையே போதும்னு தோணிட்டுன்னா? நான் மிச்சக் காலத்தையும் வாயில்லாத வீட்டுலதான் கழிக்கணும். அதுக்குத்தான் தூக்கிட்டு வந்துட்டேன்.

— பெரியம்மாகிட்டச் சொல்லலையா?

— பூசைக்குப் போயிருந்தா. பிஸ்கட் டப்பாவுக்குள்ள துண்டச் சுத்தி வச்சு எடுத்துட்டு வந்தேன். நீ இதுக்கு என் மூஞ்சியப் போட்டுரு. இன்னா பாரு, தூண்டில் முள்ளு கிழிச்ச தழும்பு. முன்பல்லு பாதி கெடையாது. எல்லாம் இதுல வரணும்.

— பெரியம்மா வந்து ஏம்ட்டி மாத்துனன்னு கேட்டா நான் என்ன சொல்ல?

— என் மூஞ்சிக்கு நான் உரிமைப்பட்டவன் இல்லையா?

— அதுவும் சரிதான். பல்லு முடியாது பெரியப்பா, பொம்மை வாய மூடியிருக்கு. தழும்பு போட்டுரலாம். ஜன்னல் பக்கம் வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன். அத போன்ல பெருசாக்கிப் பாத்தாத்தான் இந்தச் சின்ன முகத்துல எது எங்கன விழுதுன்னு தெரியும். சிரிக்காதிய.

— சிரிச்சாத்தான பல்லு தெரியும்.

— அசையாதிய. ம்... எடுத்தாச்சு.

— இனி கருப்பா அடிக்கப் போறியா?

— கருப்பு டப்பாவத் திறக்கவே மாட்டேன். உங்க நெறத்துல கருப்பு எங்க இருக்கு? செங்கல் நெறம் இருக்கு, அதுக்கு மேல கொஞ்சம் ஊதா. கண்ணுக்குக் கீழ பச்சை.

— பச்சையா! நான் என்ன செத்த மீனா?

— தண்ணி மாதிரி இளக்கித்தான் பூசுவேன். ஒண்ணு காஞ்ச பெறவு அதுக்கு மேல ஒண்ணு. அப்பத்தான் தோலுக்கு அடியில ரத்தம் ஓடுத மாதிரி தெரியும். பைய, பையத்தான் வரும். ஆமா, நெத்தியில மேல்பாதி மட்டும் வெளுத்துக் கெடக்கே?

— தலைத்துண்டு கட்டுத இடம். அங்கன வெயில் படாது.

— ஏ பெரியப்பா, உங்க முகமே இதுலதான் இருக்கு! கல்யாண போட்டோவுல பவுடர அப்பி இத மறைச்சுட்டாவ. இருங்க, மொதல்ல இதப் போட்டுருதேன்.

— அந்தக் கண்ணையும் பாரு. முட்டை மாதிரி வெள்ளையா வச்சிருக்க.

— அதையும் மாத்துதேன். மனுசக் கண்ணுல சுத்த வெள்ளை கெடையாது. பழைய வேட்டி நெறம் வரணும், ஓரத்துல லேசாச் செவப்பு. கடைசியா ஈரம் மாதிரி மினுங்குத வார்னிஷ் ஒரு பொட்டு. அவ்வளவுதான், உசுரு வந்துரும்.

— நெறம் கெடக்கட்டும். அது எங்க பாக்கு? எனக்கு மோட்டுல என்ன வேலை?

— சுரூபம்னா வானத்தத்தான் பாக்கும், அந்தப் பழக்கத்துல போட்டுட்டேன். பார்வையக் கீழ எறக்கிருதேன். எங்க பாக்கட்டும்?

— எங்கயாவது பாக்கட்டும்.

— அப்படிப் போட முடியாது பெரியப்பா. சரியாச் சொல்லணும்.

— அவ முன்னால உக்காந்திருப்பால்லா. அங்கன பாக்கட்டும்.

— சரி.

— ஏ பிள்ள, வெயிலே சாஞ்சுட்டு. இப்பப் பாத்தா... ஆமா, நான்தான். கொஞ்சம் பயமாக்கூட இருக்கு. கண்ணாடியில பாக்கும்போது இவ்வளவு வயசு தெரியலயே.

— வயசு தெரிஞ்சாலும் நல்லாத்தான் இருக்கிய. இருங்க, போன் அடிக்குது. ஹலோ?

— டெல்பினா? நான் ஜெனிஷ் அம்மா லூர்து மேரி பேசுதேன். எங்க வீட்டு மனுசன் அங்கன வந்தாவளா, பிஸ்கட் டப்பாவோட?

— இங்கனதான் இருக்காவ பெரியம்மா. போனக் குடுக்கட்டா?

— ஐயோ, குடுத்துராத! நேர்ச்சை இன்னும் முடியல. நான் உன்கூடத்தான் பேசுதேன். நீ ஸ்பீக்கர மட்டும் போட்டு வையி.

— போட்டாச்சு பெரியம்மா.

— ஏ பிள்ள, என்ன சொல்லுதா? திட்டுதாளா? எனக்கு ஒண்ணும் விளங்கலயே.

— கிட்ட வந்து கேளுங்க பெரியப்பா. பெரியம்மா, கோவிச்சுக்கிடாதிய, முகத்த மாத்திட்டேன். தழும்பு போட்டாச்சு, நெத்தி வெளுப்பு போட்டாச்சு.

— நல்ல காரியம் செஞ்ச. அந்த மூஞ்சி எனக்கும் பிடிக்கல. பூசையில குறட்டை விடுத மனுசனுக்குப் போய்ச் சூசையப்பர் மூஞ்சி. வேற வழியில்லாம வச்சிருந்தேன்.

— வேற வழியில்லாமன்னா?

— ஜெனிஷ்கிட்டச் சொல்லி உன்கிட்டச் செய்யச் சொன்னதே நான்தான் மோளே. ஒரு வருசம் வாய மூடிக்கிட்டுக் கெடக்க முடியுமா? கோவத்துல நேர்ந்துட்டேன், பெறவு மாதாகிட்டப் போய் வாக்கத் திருப்பிக் கேக்க முடியுமா?

— கேட்டியா பிள்ள, நான் சொன்னேம்லா? மனசுல உள்ளத எல்லாம் அந்தப் பொம்மைகிட்டத்தான் சொல்லுதா!

— அவியளுக்குக் காது மந்தம்னு உனக்கே இந்நேரம் தெரிஞ்சிருக்கும் டெல்பின். உள்ளறையில கெடக்குத மனுசனுக்கு ஒரு வார்த்தையாவது விழட்டும்னுதான் தொண்டை கட்டுத அளவுக்குக் கத்துதேன், இல்லன்னா உள்ளங்கைக்குள்ள அடங்குத பொம்மைகிட்ட எவளாவது அவ்வளவு சத்தமாப் பேசுவாளா?