காரணமில்லாமல் நிற்கிற வேன்

வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்று வருகிறவர்களைச் சமாளித்துவிடலாம் ஐயா. காரணமில்லாமல் நிற்கிறது என்று வருகிறவர்களிடம்தான் உயிர் போய்விடும்.

நான் பணிமனையில் வண்டிகளுக்கு மின்சார வேலை பார்க்கிறவன். இப்போதைய வண்டிகளில் முன்பக்கம் ஒரு சென்சார் இருக்கிறது. எதிரே ஆள் வந்தால், ஓட்டுகிறவர் கால் வைக்காவிட்டாலும் அதுவே பிரேக் போட்டுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாலத்தின் நிழலுக்கும் போடும், சாலையில் பதித்த இரும்புத் தகட்டுக்கும் போடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பள்ளி வேன் ஓட்டும் அக்கா நாலு தரம் வந்தார்.

"தம்பி, நடு ரோட்டுல சடக்குன்னு நின்னுடுது. பின்னால வர்ற லாரிக்காரன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுறான். ஒரு புள்ளைக்குப் பல்லு உடைஞ்சு போச்சு."

"நாங்க ஓட்டினப்ப ஒண்ணும் ஆகலையேக்கா."

"உன்னைப் பார்த்தா அடங்கிடும். எங்கிட்ட மட்டும்தான் வம்பு. எங்க வீட்டுக்காரர் மாதிரி."

சிரித்துக்கொண்டோம். மூன்று தடவை ஓட்டிப் பார்த்துக் குறை தெரியாவிட்டால் 'குறை இல்லை' என்று எழுதி அனுப்புவது எங்கள் வழக்கம். வண்டி செய்தவர்களுக்கு ஏழு கடிதம் போட்டேன். சென்சாரைத் துடைக்கச் சொல்லிப் பதில் வந்தது. துடைத்துத் துடைத்து என் கைதான் தேய்ந்தது. ஐந்தாம் தரம் அக்கா திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். பள்ளியில் வேறு ஓட்டுநர் தேடுகிறார்களாம்.

ஒருவர் அழுவதை என்னால் பார்க்க முடியாது ஐயா. சென்சாருக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டேன். எச்சரிக்கை விளக்கு காட்டிக்கொடுக்குமே, அதன் மேல் உள்பக்கமாகக் கறுப்பு நாடா ஒட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து அக்கா நன்றி சொல்ல வந்தார்.

"ராசியான கை தம்பி உனக்கு. இனிமே நிஜமா ஆள் வந்தா மட்டும்தானே நிக்கும்?"

"ஆமாக்கா."

அவ்வளவு சந்தோஷமாக இருந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்வது?

அடுத்த மாதம் பள்ளி வாசலில், பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள் முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். வண்டி பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் அக்கா திரும்பியிருக்கிறார். எதிரே, பிள்ளைகளைக் கடக்கவிட, பலகையும் கையுமாகக் காவலாளி நின்றிருந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்முன் அவர் உயிர் போய்விட்டது.

வேனைச் சோதிக்க எங்களிடமே கொண்டுவந்தார்கள். அதிகாரி தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் இணைப்பை மாட்டி, நாடாவை உரித்துவிட்டேன். ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் சென்சார் பிரேக் போடாது. ஆகவே, 'கருவியில் குறை இல்லை, ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை வைத்துத்தான் அக்காவை உள்ளே வைத்தீர்கள். அவர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. கண்ணைச் சாலையில் வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

நாடாவின் பசை ஒட்டியிருந்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வேறு வண்டிகளிலும் கழற்றினேனா என்று கேட்கிறீர்கள். பதினாறு. எண்களெல்லாம் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஆனால் அவசரப்பட்டு அவர்களைக் கூப்பிட்டுக் கலவரப்படுத்த வேண்டாம் ஐயா. பாவம், இப்போதுதான் நிம்மதியாக ஓட்டுகிறார்கள்.