மூன்றாம் படிக்குக் கீழே

எனக்குக் கம்பிவேலி என்றாலே ஆகாது, ஐயா. இருபது வருஷமாக ஆர்க்கிடெக்ட். ஆனால் காம்பவுண்டுச் சுவர் இல்லாமல் ஒரு வீடுகூட இந்தத் திருநெல்வேலியில் நான் கட்டியதில்லை. வீட்டுக்காரன் விட்டால்தானே.

அதனால் மூடிக்கிடந்த நூற்பாலையைப் பூங்காவாக்கும் வேலை வந்ததும் முதலில் மதிலைத்தான் இடித்தேன். இப்போது ரோட்டில் நின்றாலே புகைபோக்கி, புல்வெளி, பின்னால் தாமிரபரணி எல்லாம் தெரியும். நம் ஜனம் என்ன செய்தது? புல்லில் ஆட்டைக் கட்டியது. பெஞ்சில் வடகம் காயப்போட்டது. வயிற்றெரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடுவில் ஆலையின் பழைய தண்ணீர்த்தொட்டி, இருபதடி ஆழம். அதன் கரையில் கருங்கல்லில் மூன்று படி வைத்தேன். வரைபடத்தில் மூன்றாம் படியில் நீலச்சேலைப் பெண் ஒருத்தி தண்ணீரில் கால் நனைத்து உட்கார்ந்திருப்பாள். நானே வரைந்தவள்.

காவலாளி நாறும்பூநாதன் முதல் நாளே வந்து நின்றான். "சார், மூணாம் படிக்குக் கீழ என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தண்ணிதான்."

"நம்ம ஆளுவ ஆத்துப் படித்துறையில கெடந்து வளந்தவுங்க சார். படியக் கண்டா காலு தன்னால அடுத்த படியத் தேடும். ஒரு கம்பியாவது போடுங்க."

மறுநாள் உடைமுள்ளை வெட்டிவந்து படியை அடைத்திருந்தான். எடுக்கச் சொன்னேன். மறுபடி அடைத்தான். ஒரு மாதம் இதே மல்லுக்கட்டு. அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று இங்கே பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விருதுக் குழு பார்வையிட வருவதாக இருந்தது. ஒன்பது மணிக்கு அவனை டீ வாங்க அனுப்பிவிட்டு முள்ளை நானே இழுத்து அப்பால் போட்டேன். கையில் இருக்கும் கீறல் அதுதான்.

அப்போது கோமு வந்தாள். அந்த ஆலையில் நூல் சுற்றியவள், இப்போது அங்கே ஆடு மேய்க்கிறவள். கால் முழுக்கச் சேறு.

"இங்கன படி போட்டது நல்லதாப் போச்சு சார்," என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

பத்தடி தள்ளி நின்றேன். எனக்கு நீச்சல் தெரியும். "நில்லு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். ஆனால் அவள் கட்டியிருந்தது நீலச்சேலை. இத்தனை நாளில் அன்றுதான் ஒரு ஆள் அந்த இடத்தை நான் நினைத்தபடி பயன்படுத்தியது. படம் பிடிக்கப் போனை எடுத்தேன். மூன்றாம் படியில் குனிந்து காலைக் கழுவினாள். அப்புறம் பார்க்காமலே அடுத்த காலைக் கீழே வைத்தாள்.

தொட்டிச் சுவரெல்லாம் பாசி, பிடிக்க ஒன்றுமில்லை. கை இரண்டு தடவை மேலே வந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நாறும்பூநாதன் டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து குதித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன். ஆனாலும் மூன்றாம் படியோடு நின்றிருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இந்த ஊரில் சொன்னால் யார் கேட்கிறார்கள், ஐயா.