தடாகத்துச் சிவப்புத் துணி

சிவப்புத் துணி சாயம் விடும், ஐயா. அதை மற்ற உடுப்புகளோடு சேர்த்துத் தோய்க்கக் கூடாது. அன்றைக்கும் நான் அதைத் தனி வாளியில்தான் ஊறப்போட்டேன்.

எங்கள் பூங்கா உங்களுக்குத் தெரிந்ததுதான். துறைமுகப் பக்கம் டென்னிஸ் கழகம், நடுவில் கரப்பந்தாட்டக்காரர், வேப்பமரங்களுக்கு அப்பால் நீச்சல் தடாகம். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றுகிறவள் நான். ஊருக்குள் திரியும் மான்கள்கூட வாழைப்பழத் தோலுக்கு என் கன்ரீன் வாசலில்தான் வந்து நிற்கும். பிரசாந்தினி அன்ரி என்றால் அங்கே எல்லாருக்கும் பிடிக்கும்.

தடாகத்தைப் பார்ப்பவர் ஸெய்னுதீன் நானா. பாசி பிடித்தால் தண்ணீரை முழங்காலளவுக்கு இறக்கிவிட்டுத் தேய்ப்பார். அதற்கு நாள் கிழமை கிடையாது. அறிவித்தல் எழுதி வைத்தால் யாரும் வாசிப்பதில்லை. ஆகவே தண்ணீர் இறக்கினால், பாயும் பலகையின் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். துணி இல்லையென்றால் தடாகம் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். பழகிப்போய், யாரும் தண்ணீரைப் பார்ப்பதே இல்லை, துணியைத்தான் பார்ப்பார்கள். அது என் கூறைச்சேலையில் கிழித்துக் கொடுத்த துண்டு. அதை எடுத்துத் தோய்க்க எனக்கு உரிமை உண்டு.

அந்தக் கூறையைத் தந்த மனிதர் கட்டாருக்கு வேலைக்குப் போனவர். முதலில் கிழமைக்கொருமுறை கதைத்தார். பிறகு மாதத்துக்கொருமுறை. பிறகு எனக்கு மகள் லக்சனா மட்டும்தான். வளர்ந்த பிள்ளை, வேலைக்குப் போகிறவள், இன்னமும் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

சுகிர்தன் எங்கள் நீச்சல் கழகத்தின் பயிற்றுவிப்பாளன். சாம்பல்தீவிலிருந்து விடியப்புறமே வந்து, பிள்ளைகள் வருமுன் பலகையில் ஓடி ஒருமுறை பாய்வான். நல்ல பிள்ளை. லக்சனாவும் அவனும் விரும்பியபோது சம்பந்தம் பேசப் போனதே நான்தான். எங்களோடேயே இருப்பான் என்று நம்பினேன். கனடாவிலிருக்கும் அவன் தமையன் கூப்பிட்டதும், கலியாணம் முடிந்த கையோடு அங்கே போவதென்று இருவரும் முடிவெடுத்துவிட்டார்கள்.

கோணேசர் கோயிலுக்கு நேர்த்தி வைத்தேன். சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் மகளின் காலைப் பிடித்தேன், ஐயா. பெற்ற பிள்ளையின் காலை.

"என்னம்மா இது, எழும்புங்கோ," என்றாள். "நான் அப்பா மாதிரி இல்லை. கிழமைக்கொருக்கா கட்டாயம் கதைப்பன்."

அந்தச் சொல்லை நான் முன்னமே ஒருவரிடம் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் விடியப்புறம் கன்ரீனைத் திறக்கப் போனபோது துணி கம்பியில் கட்டியிருந்தது. நல்ல அழுக்கு. அவிழ்த்து வந்து வாளியில் போட்டேன். வெளிச்சம் சரியாக வருமுன்னே சுகிர்தன் வந்தான்.

"மாமி, தேத்தண்ணியை ஊத்தி வையுங்கோ, பாஞ்சிட்டு வாறன். சீனியைக் குறையுங்கோ. வண்டி வயிறு வைக்குதெண்டு உங்கட மகள் பகிடி பண்ணுறா."

சீனி குறைத்துத்தான் போட்டேன். சத்தம் கேட்டபோது கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளை வாசலிலேயே மறித்துவிட்டேன். அந்த விசயத்தில் நான் கவனமான ஆள். பிறகு துணியை அடுப்பருகே உலர்த்தி மடித்து, அது வழக்கமாக இருக்கும் நானாவின் மேசை லாச்சியில் வைத்தேன்.

ஆள் சாகவில்லை. கழுத்துக்குக் கீழே அசைவில்லை, அவ்வளவுதான். லக்சனா ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கஞ்சி பருக்குவது நான். வாயைத் துடைத்துவிட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பான். மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ். என் சீவியத்தில் அப்படி நிம்மதியான காலம் இருந்ததில்லை.

நானாவை வேலையால் நிறுத்தினார்கள். கவனயீனமென்று வழக்கும் வைத்தார்கள். என்னிடம் வந்து அழுதார்.

"கட்டின எண்டுதான் நெனவு, தங்கச்சி. இப்ப எனக்கே சந்தேகமாக் கிடக்கு."

வயது போனால் மறதி வரும்தானே என்று ஆறுதல் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் இன்றைக்கு ஏன் பொலிசுக்கு வந்தாய் என்கிறீர்கள். நானாவின் கண்ணீரைத் தாங்க ஏலாமல் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். நேற்றுப் பின்னேரம் தமையன் கனடாவிலிருந்து கதைத்தான். அங்கே வைத்தியம் பார்க்கலாமாம். இருவருக்கும் விசா சரிவந்துவிட்டதாம். நான் வரும்போது லக்சனா அலுமாரிக்கு மேலிருந்த பயணப்பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துணியை அவிழ்த்தது நான். தண்ணீர் இறக்கியிருக்கிறதென்று தெரிந்தும், அவன் பாய்வான் என்று தெரிந்தும் அவிழ்த்தேன். நானா கட்டித்தான் இருந்தார். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், வைக்கிறேன்.

என்னை மறியலில் அடைத்தால், ஆட்களைப் பார்க்க எந்தெந்த நாளில் விடுவார்கள் என்று மட்டும் என் மகளுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஐயா. தாயை மறியலில் விட்டுவிட்டுக் கடல் கடந்து போகிற பிள்ளையாக நான் அவளை வளர்க்கவில்லை.