நிரம்பாத கடைசித் துண்டு

காளவாசல் சிக்னலில் மஞ்சள் விளக்கு விழுந்தாலே வண்டியை நிறுத்திவிடுகிற ஆள் நான், இன்ஸ்பெக்டர் சார். பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள். பழகிவிட்டது.

ஒத்தக்கடையில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராமர். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளின் குறிப்புகளைப் பதிகிற மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். நர்ஸ் டைப் செய்வது இடையில் எங்கும் தங்காமல் நேராக டிஸ்க்குக்குப் போகும். அப்படிப் போக ஒரு கண்டிப்பு உண்டு. மெமரியில் சரியான எல்லையில் தொடங்கி, 4096 பைட் கொண்ட முழுத் துண்டுகளாகத்தான் அனுப்ப வேண்டும். முட்டை லாரியில் நிரம்பிய அட்டையை மட்டும் ஏற்றுவார்களே, அதைப்போல.

நிரம்பாத துண்டை, மீதி இடத்தில் பூஜ்யம் போட்டு அனுப்பலாம். ஒவ்வொரு குறிப்புக்கும் அப்படிச் செய்தால் வேகம் குறையும். வேகத்தைச் சொல்லித்தான் வேலையையே வாங்கியிருந்தேன். அதனால் நிரம்பும்வரை காத்திருக்க வைத்தேன். திரையில் மட்டும் 'பதிவாகிவிட்டது' என்று உடனே காட்டினேன்.

கூட வேலை பார்த்த சரண்யாதேவி கேட்டாள். "நிரம்புறதுக்குள்ள கரண்ட் போனா என்னண்ணே ஆகும்?" யூ.பி.எஸ். இருக்கிறது என்றேன். எம்புட்டு நேரம் தாங்கும் என்றாள். அவளை வேறு வேலைக்கு மாற்றிவிட்டேன். பழைய புரோகிராமை உங்களிடம் கொடுத்தது அவள்தான் என்று தெரியும். கோபமில்லை.

ஆவணியில் உசிலம்பட்டியிலிருந்து காளை என்ற விவசாயி காலில் புண்ணோடு வந்து சேர்ந்தார். அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. நர்ஸ் பாண்டீஸ்வரி அதை டைப் செய்து, பதிவானதைப் பார்த்துவிட்டே வீட்டுக்குப் போனாள். பிற்பகலில் கரண்ட் போனது. யூ.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கியது. கரண்ட் திரும்பி வந்து, அடுத்த ஷிஃப்டுக்காரர்கள் கம்ப்யூட்டரைப் போட்டபோது அந்தக் குறிப்பு இருந்த இடம் காலியாக இருந்தது. பென்சிலின் ஊசி போட்டார்கள். காளை இருபது நிமிடத்தில் இறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி விசாரணைக்கு முந்தின நாள், பூஜ்யம் போடும் வரியைச் சேர்த்து, முதலிலிருந்தே இருந்ததுபோலப் பழைய தேதி வைத்தேன். மறுநாள் விசாரணையில், தான் டைப் செய்ததை என் மென்பொருள்தான் தொலைத்துவிட்டது என்றாள் பாண்டீஸ்வரி. நான் எல்லார் முன்னாலும் டைப் செய்து, பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன். ஓர் எழுத்துகூட அழியவில்லை. பாண்டீஸ்வரி டைப் செய்யவே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அவளுக்கு வேலை போனது, வழக்கும் வந்தது. ஒருநாள் கம்பெனி வாசலில் வந்து நின்றாள்.

"நான் டைப் பண்ணுனேண்ணே. ஆனா எல்லாரும் கேக்கக் கேக்க எனக்கே சந்தேகமா இருக்கு. நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

பாவமாகத்தான் இருந்தது. வேலை அலுப்பில் மறந்திருப்பாய் என்று தன்மையாகச் சொன்னேன். அழுதுகொண்டே தலையாட்டினாள்.

காளை சாகவும், செய்யாத தப்புக்கு அவள் கோர்ட்டுக்கு அலையவும் நான்தான் காரணம். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள் சார்: அத்தனை பேர் முன்னால் என் மென்பொருளை அவள் குறை சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை.