மங்கம்மாவுக்கு மௌன அஞ்சலி கிடையாது

மேடையின் நடு நாற்காலியில் ஆள் இல்லை. அதில் மங்கம்மாவின் படத்தை வைத்திருக்கிறோம். இன்றைய கூட்டத்துக்கு அந்த நாற்காலிதான் தலைமை. அதற்கு என் முதல் வணக்கம். ‘ரோஜாக் கொட்டகை’ படத்தை எடுத்த இயக்குநர் கமலக்கண்ணன் அவர்களே, மங்கம்மா பெற்ற மகள் அனிதா அவர்களே, பூ வெட்டும் வேலையை இன்று போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கும் பாகலூர், பேரிகைத் தாய்மார்களே, இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற யூனிபாரத்தோடு பின்னால் நிற்கும் தம்பிகளே, ஒசூர் வட்டாரப் பேய்ப்பட ரசிகர் மன்றத்துத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து மாலையோடு வந்திருக்கும் தொலைக்காட்சி நிலையத்தின் திரு. ராஜ்குமார் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். முன்வரிசையிலேயே உட்காருங்கள். உங்களிடம் எனக்கு வேலை இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், நான் பிரகாசம். சிப்காட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன். இந்த மன்றத்தின் தலைவன். “இரங்கல் கூட்டம் அண்ணா, கொஞ்சம் தணிஞ்சு பேசுங்க” என்று சொல்லித்தான் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அழத்தான் வந்தேன். வாசலில் ஒரு காட்சியைப் பார்த்தேன், வந்த அழுகை அங்கேயே நின்றுபோனது. அதைச் சொல்வதற்கு முன்னால், யாரை இழந்திருக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும்.

மங்கம்மா யார்? பேரிகையில் தெலுங்கு பேசுகிற வீட்டில் பிறந்தார். பாகலூரில் கன்னடம் பேசுகிற வீட்டுக்கு மருமகளாக வந்தார். வேலைக்குப் போன ரோஜாத் தோட்டத்தில் தமிழ் பேசினார். இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்பீர்கள். நம் ஊரில் ஒரு அதிசயமும் இல்லை. ஆனால் இந்த அதிசயமில்லாத விஷயத்துக்காகத்தான் ஒரு பெண்ணை இருபது வருஷம் வாய்மூடி உட்கார வைத்தார்கள்!

கமலக்கண்ணன் பேய்ப்படம் எடுக்க ஒரு ரோஜாக் கொட்டகையைப் பிடித்தார். பிளாஸ்டிக் கூரை போட்ட, உள்ளே நின்றால் வெந்துபோகிற கொட்டகை. பேயாக நடிக்க வந்த நடிகை பூச்சிமருந்து வாசனை தாங்காமல் அன்றைக்கே காரைத் திருப்பிவிட்டார். கமலக்கண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அங்கே பூ வெட்டிக்கொண்டிருந்த மங்கம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வந்து கேட்டார்: “பேய்னா என்ன சார் பண்ணோணும்? கோவப்படோணும், அவ்ளோதான? அதுக்கு எதுக்கு ஆளத் தேடறீங்க?”

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மங்கம்மாவுக்குப் பேய் என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. பேயாக நடித்த அத்தனை நாளும் இடுப்பில் வேப்பிலையைச் செருகிக்கொண்டுதான் நடித்தார். கூர்ந்து பார்த்தால் ஒரு காட்சியில் அந்த இலை தெரியும். எந்த ஊர்ப் பேய் வேப்பிலையோடு திரியும்? எங்கள் ஊர்ப் பேய் திரிந்தது!

கதை உங்களுக்குத் தெரியும். பூச்சிமருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்து செத்துப்போன ஒரு வேலைக்காரப் பெண்; வீட்டில் அவள் மகளும் மாமியாரும். முதலாளி அந்தச் சாவை மூடி மறைக்கிறான். அவள் திரும்பி வருகிறாள். வந்து கழுத்தை நெரித்தாளா? ரத்தம் குடித்தாளா? இல்லை. அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். “என் பேரு சொல்லு.” அவனுக்குத் தெரியாது. வருஷக்கணக்காக அவனிடம் வேலை செய்தவள் பெயர் அவனுக்குத் தெரியாது! கொட்டகையின் ஒவ்வொரு வரிசையாக ஓடுகிறான். ஓடுகிற இடமெல்லாம் அந்தக் கேள்வி வருகிறது.

ஒசூரில் அந்தப் படம் ஓடிய சில நாட்களும் தியேட்டரை நிரப்பியது யார்? ஷிப்ட் முடிந்து வந்தவர்கள். டோக்கன் நம்பரைச் சொல்லி மட்டுமே கூப்பிடப்பட்டவர்கள். திரையில் அவள் “என் பேரு சொல்லு” என்றபோது, கீழே ஒருவன் எழுந்து நின்று தன் சூப்பர்வைசரைத் திட்டினான். அவன் நான்தான். அன்றைக்குத்தான் இந்த மன்றம் பிறந்தது. எங்கள் பங்குச் சாமியார்கூடக் கேட்டார், “ஏன் பிரகாசம், கும்பிட ஆயிரம் புனிதர் இருக்க, பேய்க்கு ஒரு மன்றமா?” என்று. “ஃபாதர், எங்க பேரக் கேட்டது அந்தப் பேய் ஒண்ணுதான்” என்றேன்.

இப்போது தொலைக்காட்சிக்கு வருகிறேன்.

படத்தை நிலையம் வாங்கியது. நாங்கள் வெடி வெடித்தோம். வாங்கிய பிறகுதான் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்! பார்த்துவிட்டுக் கமலக்கண்ணனைக் கூப்பிட்டு, “சார், இது எந்த மொழிப் படம்?” என்றார்கள். “தமிழ்ப் படம்” என்றார் இவர். “பேய் மகளிடம் தமிழ் பேசுகிறது, மாமியாரிடம் கன்னடம் பேசுகிறது, கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுகிறது. இது எப்படித் தமிழ்ப் படம்?” என்றார்கள்.

கமலக்கண்ணன் திருதிருவென்று விழித்தார். ஏன் தெரியுமா? அவருக்கே அப்போதுதான் தெரியும்! அவர் எழுதிக் கொடுத்தது முழுக்கத் தமிழ். மங்கம்மா நடிக்கும்போது வாயில் வந்ததைப் பேசினார். கேமராக்காரருக்குப் புரிந்தது, லைட்மேனுக்குப் புரிந்தது, எல்லாருக்கும் புரிந்ததால் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. இவர் “ஓகே, அடுத்த ஷாட்” என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறார். தியேட்டரில் பார்த்த நமக்காவது உறைத்ததா? இல்லையே! மாமியாரிடம் மருமகள் கன்னடம் பேசாமல் வேறு எதைப் பேசுவாள் என்று நாம் பாட்டுக்குப் பார்த்துவிட்டு வந்தோம். இதைத் தப்பு என்பீர்களா? நம் ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. எனக்கு அதில் பெருமைதான்.

நிலையம் என்ன சொன்னது? பேய்க்கு வேறு ஒரு பெண்ணை வைத்து நல்ல தமிழில் குரல் கொடுத்துவிடலாம் என்றது. ஆனால் விற்கும்போது கமலக்கண்ணன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: நடித்தவர் சம்மதம் இல்லாமல் படத்தில் எதையும் மாற்றக்கூடாது. அதனால் மங்கம்மாவிடம் கேட்கப் போனோம். நானும் கூடப் போனேன். நாங்கள் சொன்னதை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

“என் வாய்க்குள்ள இன்னொருத்தி பூந்து பேசுனா, அப்பறம் பேய் புடிச்சது எனக்குத்தான சார்? ஒத்துக்க மாட்டேன் போங்க.”

அவ்வளவுதான் பதில். இதற்குமேல் எந்த மேதாவி என்ன பேச முடியும்?

அன்றைக்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுதான். வைக்கோற்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்களே, அதே கதை. அவர்களும் போட மாட்டார்கள், உரிமை அவர்களிடம் இருப்பதால் வேறு யாரும் போட முடியாது. கர்நாடக எல்லை ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் மாட்டின லாரி மாதிரி எங்கள் படம் அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை.

நாங்கள் சும்மா இருந்தோமா? ஞாயிறு தவறாமல் நேயர் விருப்ப நிகழ்ச்சிக்குப் போன் போட்டோம். “என்ன படம் சார் வேணும்?” “ரோஜாக் கொட்டகை.” “வேற சொல்லுங்க சார்.” “ரோஜாக் கொட்டகை!” போனை வைத்துவிடுவார்கள். எங்கள் மன்றத்துக் குருபரப்பள்ளி தினேஷ்குமார் குரலை மாற்றிப் பேசிப் பார்த்தார், கண்டுபிடித்துவிட்டார்கள். “ஒசூர்க்காரங்களா? பேய்ப்படமா?” என்று சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? பொங்கலுக்குப் போட்ட படத்தையே தீபாவளிக்கும் போடுகிறீர்கள், சித்திரை பிறந்தால் மறுபடியும் அதே படம். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோமா?

“பேய்ப்படம் போட்டால் குழந்தைகள் பயப்படும்” என்று ஒரு சாக்கு. அடேயப்பா! உங்கள் சீரியலில் மருமகள் பாலில் மாமியார் விஷம் கலக்கிறாளே, அதைப் பார்த்து எந்தக் குழந்தையும் பயப்படாதா? கர்ப்பிணியை மாடிப்படியில் தள்ளிவிட்டுத் தொடரும் போடுகிறீர்களே, அது குடும்பத்தோடு பார்க்க வேண்டியதா? செத்துப்போன ஒரு கூலிக்காரி தன் பெயரைக் கேட்டால் மட்டும் உங்களுக்குக் குலை நடுங்குகிறதா? யாருக்கு ஐயா பயம்? குழந்தைக்கா, உங்களுக்கா?

தோழர்களே, மங்கம்மா அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததே இல்லை. இது பலருக்குத் தெரியாது. தியேட்டருக்குத் தோழிகளோடு போனார். தன் முகம் திரையில் வந்ததும் முந்தானையை எடுத்து மூடிக்கொண்டவர், விளக்குப் போட்ட பிறகுதான் எடுத்தார். பாதி வெட்கம், பாதி பயம். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “பெரிசா காட்றாங்கண்ணா, பாக்க முடியல. டிவில போடட்டும். பகல்ல, ஊட்ல, கதவச் சாத்திக்கினு ஒக்காந்து பாத்துக்கறேன்.”

அந்தப் பகலுக்காகத்தான் காத்திருந்தார். என்னை எங்கே பார்த்தாலும், சந்தையில் பார்த்தாலும் சாவு வீட்டில் பார்த்தாலும், “ஏண்ணா, இந்தத் தீவாளிக்காச்சும் போடுவாங்களா?” என்பார். நான் “போடுவாங்கம்மா” என்பேன். போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் கேட்டார். அங்கே வார்டில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டிக் கேட்டார். அதில் என்ன ஓடியது தெரியுமா? அதே பொங்கல் படம். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

“சம்மதம்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா, நாளைக்கே போட்டுடுவாங்க” என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒருவர் சொன்னார். மங்கம்மா அந்த நிலைமையிலும் தலையை ஆட்டினார். மாட்டேன் என்று ஆட்டினார். பார்க்க ஆசை இருந்தது. ஆனால் தன் குரல் இல்லாத தன்னைப் பார்க்க அவருக்கு ஆசை இல்லை.

அவர் கண்ணை மூடினார். எங்களுக்கு முன்னால் துக்கம் விசாரித்தது யார்? தொலைக்காட்சி! முந்தாநாள் ஒரு விளம்பரம் வருகிறது. ‘இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றில் முதன்முறையாக, ரோஜாக் கொட்டகை, வரும் ஞாயிறு பகல்.’ அனிதாதான் போனில் பார்த்திருக்கிறது. அம்மா வாய் அசைகிறது, உள்ளே யாரோ ஒரு பெண் செய்தி வாசிக்கிற தமிழில் பேசுகிறாள். “எனது பெயரைக் கூறு.” அனிதா போனைக் கீழே போட்டுவிட்டு, “எங்கம்மாவுக்குப் பேய் புடிச்சிருச்சு மாமா” என்று என்னிடம் ஓடிவந்தது. தாயைப் புதைத்த ஈரம் காயாத பிள்ளை!

ஆள் போய்விட்டார், இனி யார் கேட்பார் என்று நினைத்தீர்களா ராஜ்குமார் அவர்களே? சம்மதம் சொல்ல வேண்டியவர் செத்துவிட்டால் சம்மதம் கிடைத்துவிட்டதாக எந்த ஊரில் வழக்கம்? உயிரோடு இருக்கும்போது பகல் நேரம் ஒதுக்க முடியவில்லை. செத்த பிறகு பகல் கிடைத்துவிட்டதா? கேட்க இங்கே மகள் இருக்கிறது. அதன் பதிலை நேற்றே வாங்கிவிட்டேன்: “எங்கம்மா சொன்னதுதான் நானும் சொல்றேன்.” படத்தைப் போடுங்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறோம், போடுங்கள். மங்கம்மா பேசியது பேசியபடி, தமிழும் கன்னடமும் தெலுங்குமாக, வேப்பிலையோடு போடுங்கள். குரலை மாற்றிப் போட்டால் நடக்காது. கமலக்கண்ணனும் அனிதாவும் சட்டப்படி தடுப்பார்கள். மன்றம் உங்கள் வாசலில் வந்து உட்காரும். நீங்கள் போடும்வரை எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் போன் நிற்காது. நான் போனால் தினேஷ்குமார் பேசுவார். அவர் போனால் அதோ பின்னால் நிற்கிற பையன்கள் பேசுவார்கள். இது மங்கம்மா படத்துக்கு முன்னால் நான் எடுக்கும் உறுதி.

இப்போது வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். ராஜ்குமார் அவர்கள் காரைவிட்டு இறங்கினார். பெரிய மாலை. ‘ரோஜாக் கொட்டகை பேய்க்கு எங்கள் அஞ்சலி’ என்று ஒரு ஃபிளெக்ஸ். அதில் உங்கள் நிலையத்தின் பெயர் இருக்கிறது, நிகழ்ச்சி நேரம் இருக்கிறது. மங்கம்மா பெயர் இல்லை. போகட்டும் என்று நான் விட்டுவிட்டேன். அப்போது நீங்கள் அனிதாவைக் கூப்பிட்டு, பெற்ற மகளைக் கூப்பிட்டு, ஒன்று கேட்டீர்கள்.

“மேடம், ஆர்ட்டிஸ்ட் பேரு என்னங்க? மாலையில ஒரு கார்டு வைக்கணும்.”

கேட்டீர்களா தோழர்களே? இருபது வருஷம் அவர் முகத்தைப் பூட்டி வைத்திருந்தவர்களுக்கு அவர் பெயர் தெரியாது! அனிதா வாயைத் திறந்தது. சொல்லாதே என்று நான்தான் கையைக் காட்டினேன். இவ்வளவு நேரம் நான் அந்தப் பெயரைச் சொல்லியும் கார்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, மாலையில் தொங்குகிறது, பாருங்கள்.

இரங்கல் கூட்டத்தில் இந்த இடத்தில் எழுந்து நின்று மௌனமாக இருப்பது வழக்கம். மன்னியுங்கள், இன்று அது கிடையாது. மங்கம்மா மௌனமாக இருந்தது போதும். எல்லாரும் எழுந்து நில்லுங்கள். அவர் படத்தில் கேட்டதை இப்போது நாம் கேட்போம். வீட்டில் என்ன பேசுகிறீர்களோ அதிலேயே கேளுங்கள். ‘என் பேரு சொல்லு’ என்பவர்கள் அப்படிக் கேளுங்கள். ‘நன்ன ஹெசரு ஹேளு’ என்பவர்கள் அப்படிக் கேளுங்கள். ‘நா பேரு செப்பு’ என்பவர்கள் அப்படிக் கேளுங்கள். பாகலூர் ரோடுவரைக்கும் கேட்க வேண்டும். அனிதா, நீ ஆரம்பி அம்மா.

ராஜ்குமார் அவர்களே, நீங்களும் எழுந்திருங்கள். நீங்கள் எங்களோடு சேர்ந்து கத்த வேண்டாம். நீங்கள் பதில் சொல்லுங்கள்.