பதிவேட்டில் ஆண்களுக்கு நோயில்லை

1991இல் ஒருநாள், சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறிய கிராம நர்ஸ் என் முன் சீட்டுப் பெண்ணிடம் சொன்னார்: "ரிஜிஸ்டர்படி உங்க ஊர்ல பொம்பளைங்களுக்குத்தான் இளைப்பாம். அடுப்புப் புகைதான் காரணம்னு டாக்டர் முடிவே பண்ணிட்டாரு."

"எனக்கு இன்னா இளைப்பு நர்ஸம்மா? கல்லு உடைக்கிற கிரஷர்ல வேல செய்ற எங்க வூட்டுக்காரருக்குத்தானே மாத்திர வாங்கினேன்!"

"நீங்க யாரும் புருஷன் பேரச் சொல்லல. மாத்திரை குடுக்கிறவரு உங்க பேரையே எழுதிட்டாரு. நான் வூடு வூடா போயி இளைப்பு இருக்கிற ஆம்பளைங்களக் கணக்கெடுத்துக் காட்டிட்டேன். நாளைக்கு டாக்டர் கிரஷருக்கே போறாரு!"

"நெசமாவா?"

"ஆமா. அடுத்த மாசம் யாரு பேரச் சொல்லுவ?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்: "ஏழுமலை!"