பதில் சொல்லக் கடைசி நாள்

காலை மெட்ரோ குரோருட் நிலையத்தைத் தாண்டியதும் எனக்கு எதிரே மகளுடன் இருந்த ஒரு தாய் பொரிந்து தள்ளினார்.

“பதினேழு வருசமா முதியோர் இல்லத்திலை ஆக்களைத் தூக்கி இறக்கினவளுக்கு, எலும்பு எங்கை இருக்கெண்டு முதலிலையிருந்து படிப்பிக்கப் போயினமாம்!”

இரண்டு வருடத் தொழிற்கல்லூரியை முடித்த அவருக்கு, மகள் படிக்கும் பல்கலைக்கழகத்திலேயே தாதியர் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மகள் தாயின் போனை வாங்கிப் பார்த்தாள்.

“ஒரு பாடம் மட்டும் திரும்பச் செய்யத் தேவையில்லையாம், அம்மா.”

“ஒண்டே ஒண்டு! மிச்சமெல்லாம் மூண்டு வருசம் படிக்கோணும். பேசாமல் வேண்டாமெண்டு அமத்தட்டோ? பதில் சொல்ல இண்டைக்குத்தானே கடைசி நாள்?”

“பயமோ?”

“ஓம். எல்லாம் உன்ரை வயசுப் பிள்ளையள். நான் நோர்வேஜியனிலை கதைச்சாச் சிரிப்பினம்.”

“சிரிக்க மாட்டினம். ரீச்சர் வந்திட்டாவெண்டு வாயை மூடிக்கொண்டிருப்பினம்.”

“பகிடி விடாதை.”

மகள் குரலைத் தாழ்த்தினாள். “நான் இஞ்சை பிறந்தனான். ஆனா கம்பஸிலை முதல் நாள் டொய்லெட்டுக்குள்ளை நிண்டு அழுதனான்.”

“எனக்குச் சொல்லேல்லையே!”

“சொல்லியிருந்தா வேலையை விட்டிட்டு ஓடி வந்திருப்பீங்கள்.”

தாய் போனைத் திரும்ப வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ‘சம்மதம்’ என்ற இடத்தை அழுத்தினார்.

“முதல் நாள் நீயும் என்னோடை வாறியோ?”

“வகுப்பு வாசல்மட்டும் வாறன். ஆனா எல்லாருக்கும் முன்னாலை கொஞ்சக் கூடாது, சரியோ?”